எடுத்தவர் கையில்

முகூர்த்த மாதங்களில் கள்ளக்குறிச்சியில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு பெண்பிள்ளை நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். மஞ்சள் நீராட்டு விழா ஃபிளெக்ஸ், பத்துக்கு எட்டு அடி. பிள்ளை லெஹங்கா உடுத்தித் தோகை விரித்த மயில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். அப்பா அம்மா பெயர், அதைவிடப் பெரிய எழுத்தில் தாய்மாமன் பெயர், மேல் மூலையில் குலதெய்வம், அடியில் ஸ்டாம்ப் அளவில் இருபது முப்பது பங்காளி முகங்கள், பாதிப் பேர் கூலிங் கிளாஸோடு. பிள்ளை வயதுக்கு வந்த சேதியை அந்த வழியாகச் சேலம் பஸ்ஸில் போகிறவர் வரைக்கும் பெயரோடும் முகத்தோடும் சொல்லிவிடுகிற பலகை. அதே பிள்ளையின் அம்மாவுடைய வாட்ஸ்அப்பில் டிபியாக முருகன் இருப்பார், இல்லாவிட்டால் ஒரு ரோஜாப்பூ. ஏன் என்று கேட்டால், ‘எம் மூஞ்சிய எதுக்கு வைக்கணும்? எவனாவது எடுத்து எதையாவது பண்ணி வச்சா?’ என்பார்.

வெளியூர்க்காரருக்கு இது முரணாகத் தெரியும். தெருவில் பத்தடிக்கு வைத்த முகத்தைப் போனில் கட்டைவிரல் அளவுக்கு வைக்கப் பயமா என்று கேட்பார். அம்மாவுக்கு இதில் முரண் எதுவும் தெரிவதில்லை.

ஆய்வாளர்களில் இதைக் கிட்டத்திலிருந்து பார்த்தவர் ஸ்ரீராம் வெங்கட்ராமன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மானுடவியலாளர் டேனியல் மில்லர் நடத்திய ஒரு பெரிய திட்டம், உலகில் ஒன்பது இடங்களில் ஆய்வாளர்களை ஓராண்டுக்கு மேல் தங்கவைத்து, அங்குள்ளவர்கள் சமூக ஊடகத்தில் என்ன போடுகிறார்கள், ஏன் போடுகிறார்கள் என்று பார்த்தது. அதில் ஒன்று சென்னைக்கு அருகே, ஐடி கம்பெனிகள் வந்து இறங்கிய ஒரு கிராமப் பகுதி. அங்கே தங்கிய வெங்கட்ராமன் அதற்கு வைத்த புனைபெயர் பஞ்சகிராமி. புத்தகம் 2017இல் வந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நம் ஊரில் சுவர் விளம்பரமும் சினிமா போஸ்டரும் கட்சி பேனரும் ஏற்கெனவே கண்ணுக்குப் பழகியிருந்தன. ஃபேஸ்புக் அவற்றின் தொடர்ச்சியாகத்தான் உள்ளே வந்தது என்பது அவர் பார்வை. எதைப் பொதுவில் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்ற கணக்கு போன் வருவதற்கு முன்பே குடும்பத்துக்குள், சாதிக்குள், தெருவுக்குள் போடப்பட்டிருந்தது.

இந்தக் கணக்குக்குத் தத்துவம் தேடுகிறவர்கள் ஹெலன் நிஸன்பாமிடம் போவார்கள். அமெரிக்கப் பேராசிரியர். அந்தரங்கம் என்றால் மறைத்து வைப்பது என்று பொருளல்ல, ஒரு தகவல் எந்தச் சூழலில் பகிரப்பட்டதோ அந்தச் சூழலின் வழக்கப்படி நகர வேண்டும், அவ்வளவே என்பது 2004இலிருந்து அவர் சொல்லிவருவது. மருத்துவரிடம் சொன்னது முதலாளியிடம் போகக் கூடாது. அந்த அம்மா நிஸன்பாமைப் படித்ததில்லை. படித்திருந்தால் ‘இதைத்தானே நானும் சொன்னேன்’ என்றிருப்பார். ஃபிளெக்ஸ் யாருக்கு? சீர் கொண்டுவர வேண்டியவர்களுக்கு, மொய் எழுத வேண்டியவர்களுக்கு, பொறாமைப்பட வேண்டியவர்களுக்கு. பத்து நாளில் கிழிந்துவிடும். பிறகு யார் வீட்டு ஆட்டுக்கொட்டகைக்கோ மேல்கூரையாகும். டிபி யாருக்கு என்றால் அவரால் சொல்ல முடியாது. அதனால்தான் முருகன்.

ஆனால் அவர் கணக்கில் விட்டுப்போன இடம் ஒன்றுண்டு. ஃபிளெக்ஸ் அடிக்கிற கடை. பிள்ளையின் படம் அங்கே வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் தம்பி பின்னணியைக் கழிக்கிறார், முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்குகிறார், கழுத்துக்குக் கீழே இன்னொரு உடம்பை, அதாவது லெஹங்கா போட்ட ரெடிமேட் உடம்பை, பொருத்துகிறார். பக்கத்தில் மூன்று பேர் அடுத்த வேலைக்குக் காத்திருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடித்து முடிந்ததும் ஃபைல் எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. ‘ஃபங்ஷன்’ என்ற ஃபோல்டரில் இன்னும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளோடு கிடக்கிறது. முகத்தை வெட்டி வேறு உடம்பில் ஒட்டுகிற கலையை நம் ஊர் கற்றுக்கொண்டது இந்தக் கடைகளில்தான், அதுவும் மங்கல காரியத்துக்காக என்று நினைத்துக்கொள்வேன்.

மங்கலமில்லாத காரியமும் பக்கத்திலேயே நடந்தது. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறு உடம்போடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் போலீசுக்குப் போனது. புகார் கொடுத்த பிறகும் படம் நின்றது, இன்னொன்றும் வந்தது. அந்தப் பெண் உயிரை விட்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் தாமதத்துக்காகக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். மறு ஆண்டு ஜூனில் ஃபேஸ்புக், இந்தியாவில் முதன்முதலாக, முகப்புப் படத்துக்குக் காவல் என்று ஒரு வசதியைக் கொண்டுவந்தது. நீலக் கரை, ஒரு கேடயம். படத்தை மற்றவர் இறக்கிக்கொள்ள முடியாது. இந்தியப் பெண்கள் பலர் தங்கள் முகத்தை வைப்பதே இல்லை என்று ஆய்வில் தெரிந்ததாம். அந்த ஆய்வுக்கு எவ்வளவு செலவானதோ.

2018இல் நித்யா சாம்பசிவனும் கூட்டாளிகளும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்துப் பெண்களிடம் பேசி எழுதிய கட்டுரை இதைவிடக் கூர்மையானது. வீட்டில் ஒரு போன் நாலு கையில் புழங்குகிறது. பெண்ணின் போனைக் கணவரும் மாமியாரும் பிள்ளையும் எடுத்துப் பார்ப்பது வழக்கம். அதற்குள் அவர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள் என்பது கட்டுரையின் பொருள். ஆப்புக்குப் பூட்டுப் போடுவது, ஒரு மெசேஜை மட்டும் அழித்து மற்றதை விட்டுவைப்பது, மொத்தமாக அழிப்பது, தடம் பதியாத முறையில் பார்ப்பது, முடியாவிட்டால் அந்தப் பக்கமே போகாமலிருப்பது. பேட்டியில் ஒரு பெண், ப்ரைவசியெல்லாம் பணக்காரப் பெண்களுக்கு, எனக்கில்லை என்று சொன்னார். அதுவே கட்டுரைக்குத் தலைப்பானது. அதாவது அந்தரங்கம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பூட்டுகிறார், அழிக்கிறார், ஒளிக்கிறார். அதற்கு அந்தப் பெயர் வைப்பதில்லை.

நல்ல ஆய்வுகள்தான் இவை. ஆனாலும் எல்லாவற்றிலும் நடுவில் நிற்பவர் போனைக் கையில் வைத்திருப்பவர். வைப்பதா வேண்டாமா, பூட்டுவதா திறப்பதா என்று அவர் முடிவெடுக்கிறார். எங்கள் பக்கத்தில் பெரிய அடி விழுந்ததெல்லாம் அப்படி முடிவெடுக்க இடமே இல்லாதவர்கள் மேல். தானே போட்ட படத்தால் கெட்டவர்களைவிட, வேறொருவர் வந்து எடுத்துக்கொண்டு போன படத்தால் கெட்டவர்கள் அதிகம்.

2024 ஜூனில் கருணாபுரம். கள்ளக்குறிச்சி ஊருக்குள்ளேயே இருக்கிற நெருக்கமான தெருக்கள். மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். ஒரே தெருவில் பந்தலுக்குப் பந்தல் ஃப்ரீசர் பாக்ஸ். அந்த நாட்களில் எடுத்த வீடியோக்களில் ஒரு பொதுவான காட்சி: பாட்டி ஒருவர் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார், அவர் வாய்க்கு நேரே ஏழெட்டு மைக்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு சேனலின் சதுரப் பெட்டி. அழுகை ஓய்கிற நேரத்தில் ஒரு குரல், ‘கடைசியா உங்ககிட்ட என்னம்மா பேசினாரு?’ அவ்வளவுதான், மறுபடியும் அழுகை. அப்பா அம்மா இரண்டு பேரையும் இழந்த பிள்ளைகளின் முகம் தம்ப்நெயிலில் வந்தது. கண்ணீர் வழிகிற இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம், அதைக் காட்டி ஓர் அம்புக்குறி. கண்ணீர் தெரியாதென்றா அம்புக்குறி போட்டார்கள்?

இதை எழுதும்போதே மறுபக்கமும் கண்ணில் படுகிறது. முதல் நாள் சாவுகளுக்குக் கள்ளச்சாராயம் காரணமில்லை என்று மாவட்ட ஆட்சியர் தரப்பில் சொன்னார்கள். அடுத்தடுத்து ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், பின்னர் அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. அந்த முதல் மறுப்பு நிற்காமல் போனதற்குத் தெருவிலிருந்து வந்த படங்களும் காரணம். கேமரா வராமலிருந்தால் வயிற்றுப்போக்கு என்று எழுதிப் புதைத்திருப்பார்கள் என்று கருணாபுரத்தில் யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஏழையிடம் சாட்சியாக இருப்பது சில நேரம் தன் முகம் ஒன்றுதான். அதை மூடிவை என்று நாகரிகம் பேசுவது யாருக்குச் சௌகரியம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஆனால் சாட்சி சொல்லி முடிந்த பிறகும் முகம் சேனலில்தான் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்ல வழி உண்டா? 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒருவரின் நிர்வாணத்தையோ அந்தரங்க உறுப்பையோ காட்டுகிற படம், மார்ஃபிங் செய்த படம் இவற்றைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று கெடு வைத்தன. சேலத்துப் பெண் உயிரோடிருந்தால் அந்த விதி அவருக்கு உதவியிருக்கலாம். அழுகிற முகம் அதில் எந்தக் கட்டத்துக்குள்ளும் வராது. உடைகளோடுதானே அழுகிறார்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற குழந்தையின் பெயர், பள்ளி, படம் எதையும் விசாரணைச் செய்திகளில் வெளியிடக் கூடாது என்கிறது; மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்பா அம்மாவை ஒரே வாரத்தில் இழந்த குழந்தையைவிடப் பராமரிப்புத் தேவைப்படுகிற குழந்தை எது? தம்ப்நெயில் போட்டவர்கள் அந்தப் பிரிவைக் கேள்விப்பட்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

படத்துக்கும் இந்த உரிமைக்கும் உள்ள உறவு பழையது. 1890இல் வாரன், பிராண்டைஸ் என்ற இரு பாஸ்டன் வழக்கறிஞர்கள் தனித்து விடப்படும் உரிமை என்று எழுதியபோது அவர்களை எரிச்சலூட்டியவற்றில் ஒன்று, நொடியில் படம் பிடிக்கும் கேமராவும் அதை வாங்கிப் போடுகிற பத்திரிகைகளும். இந்தியாவில் அந்த உரிமை பத்திரிகைகளுக்கு எதிரே வைத்துப் பேசப்பட்டதோ நம் பக்கத்து வழக்கில். ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடப் போக, சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது. ஆனால் ஒருவரின் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு பற்றிச் சம்மதமில்லாமல் யாரும் வெளியிடக் கூடாது. பொது ஆவணத்தில் இருப்பதைப் போடலாம். அதிலும் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயர் மட்டும் வரக் கூடாது. சங்கர் அடுத்த ஆண்டு ஏப்ரலில் சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார். தமிழ்நாட்டின் பெயர் கெட்ட ஒரு கொலைகாரரின் கதையிலிருந்து இந்தப் பாதுகாப்பு நமக்கு வந்தது. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னபோது அந்தத் தீர்ப்பையும் எடுத்துப் பார்த்தார்கள்.

எங்கள் மாவட்டத்துக் கனியாமூரைப் பற்றி நிறைய எழுத விருப்பமில்லை. 2022 ஜூலை 13இல் அங்கே ஒரு தனியார் பள்ளி விடுதி மாணவி இறந்தார். 17ஆம் தேதி கலவரம், பேருந்துகள் எரிந்தன. நடுவில் இருந்த நாலு நாளும் அந்தப் பிள்ளையின் படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக மாவட்டம் முழுக்கச் சுற்றியது. நீதி கேட்டுத்தான் வைத்தார்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறையும். மறைவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருவர் வைப்பார். சில யூடியூப் சேனல்கள் பிரேதப் பரிசோதனையையே நடத்தத் தொடங்கின. உயர் நீதிமன்றம் இணை விசாரணை நடத்தாதீர்கள் என்று எச்சரிக்க வேண்டிவந்தது. கலவரத்தில் கல்லெறிந்தவர்களும் எரிகிற பஸ்ஸுக்கு முன்னால் வீடியோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு 300க்கும் மேற்பட்டோர் கைதானபோது போலீஸ் கையில் இருந்தவற்றில் அந்த வீடியோக்களும் உண்டு. அந்தப் பிள்ளையின் பெயர் இந்தக் கட்டுரையில் இல்லை. தேடினால் யாருக்கும் ஒரு நொடியில் கிடைக்கும் என்று தெரிந்தும்தான் விட்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கல்வராயன் மலைக்கு வருவோம். கருணாபுரத்தில் கொன்றது ஆலைகளில் புழங்குகிற மெத்தனால். மலையில் காய்ச்சுகிற சரக்கு அல்ல. ஆனாலும் அந்த வாரம் திரையில் ஓடியது கல்வராயன் மலை. போலீஸ் காட்டுக்குள் போய் ஊறல் பேரல்களைக் கவிழ்க்கிற வீடியோ. யூடியூபில் கல்வராயன் என்று தட்டினால் இரண்டு விதப் படம் வரும். ஒன்று மேகம் அருவி, பெரியார் அருவி, அங்கே குளிக்கிற இளைஞர்கள். இன்னொன்று சாராயம். 1976 வரைக்கும் ஜாகிர்தார்களின் கையில் இருந்து, சாலையும் ஆஸ்பத்திரியும் தாமதமாகவே ஏறிய மலை. அங்குள்ளவர்கள் நிலையைப் பற்றி 2024இல் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அதற்கு இவ்வளவு வியூஸ் இல்லை. மரவள்ளி போடுகிறவரும் கடுக்காய் பொறுக்குகிறவரும் கேரளாவுக்குக் கூலிக்குப் போகிறவரும் வெள்ளிமலைப் பள்ளியில் படித்த பெண்ணும் கீழே இறங்கி ஊர்ப் பெயரைச் சொன்னதும், ‘ஓ, சாராய மலையா?’ என்று கேட்கப்படுகிறார்கள். யாருடைய தனிப்படமும் இதில் திருடப்படவில்லை. குழுவுக்கும் அந்தரங்கம் உண்டு என்று 2017இல் லினெட் டெய்லர், ஃப்ளோரிடி முதலானோர் ஒரு தொகுப்பு நூலே கொண்டுவந்தார்கள். தரவுத் தொழில்நுட்பங்களை மனதில் வைத்து எழுதியது. எனக்கு அதைப் படிக்கும்போது ஊறல் பேரல்தான் ஞாபகம் வந்தது.

இந்த மலைக்காரர்களை வெளியிலிருந்து வந்து பதிவுசெய்வதும் புதிதல்ல. மலையாளிகள் என்று பெயர், கேரளத்து மலையாளிகள் அல்ல. காஞ்சிபுரத்திலிருந்து சாமியோடு மலையேறி வந்த கதையைச் சொல்லிக்கொள்பவர்கள். அந்தக் கதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் அவர். கேமராவோடு மூக்கை அளக்கிற கருவியும் கொண்டுபோவார். வயநாட்டில் பணியர் பெண்கள் தன்னைக் கண்டதும் ஓடியதை அவரே முன்னுரையில் எழுதுகிறார்: தங்களில் நல்லவர்களாகப் பார்த்துப் பிடித்து, பஞ்சடைத்து மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று பயந்தார்களாம். வாசகர் சிரிக்கட்டும் என்றுதான் எழுதியிருக்கிறார். நான் சிரிக்கவில்லை. அந்தப் பெண்கள் விவரத்தில் தவறியிருக்கலாம், விஷயத்தில் தவறவில்லை.

பஞ்சடைப்பது இப்போது வேறு விதமாக நடக்கிறது, அதையும் பல்கலைக்கழகங்கள் செய்திருக்கின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிளிக்கர் தளத்தில் குடும்பங்கள் ஏற்றியிருந்த படங்களிலிருந்து 47 லட்சம் படங்கள், 6.72 லட்சம் பேரின் முகங்கள் கொண்ட மெகாஃபேஸ் என்ற தொகுப்பைச் செய்தார்கள். முகம் கண்டுபிடிக்கிற மென்பொருளுக்குப் பயிற்சி கொடுக்க உலகெங்கும் கம்பெனிகள் அதை இறக்கிக்கொண்டன. பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களும் அதில் இருந்தன. 2020இல் மூடிவிட்டார்கள், அதற்குள் போனது போனதுதான். அதற்கும் முன்னால், 2008இல், ஓர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் ஃபேஸ்புக் பக்கங்களைப் பெயர் நீக்கி ஆய்வுக்கு வெளியிட்டபோது, அது ஹார்வர்ட் என்று கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. தரவு ஏற்கெனவே பொதுவில் இருந்ததுதானே என்ற அவர்களுடைய சமாதானத்தை மைக்கேல் ஸிம்மர் 2010இல் ஒரு கட்டுரையில் பிரித்து மேய்ந்தார். தமிழ்நாடு காவல்துறையும் 2021 முதல் முக அடையாள மென்பொருள் வைத்திருக்கிறது; 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள் யாரோ நுழைந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

வெங்கட்ராமன் ஊருக்குப் பஞ்சகிராமி என்று புனைபெயர் வைத்தார். பதினைந்து மாதம் பழகிய ஊரை உண்மைப் பெயரில் எழுத அவருக்கு மனம் வரவில்லை. அவர் துறையின் ஒழுங்கும் விடாது. கருணாபுரத்துக்கு அரை நாள் வந்த சேனல், தெருப் பெயரையும் வீட்டு வாசலையும் பிள்ளையின் முகத்தையும் சேர்த்தே எடுத்துப்போனது. ஆய்வு கூச்சப்படுகிற இடத்தில் சேனலுக்குக் கூச்சமில்லை. ஆனால் அந்தச் சேனல் வீடியோவை நாளை ஒரு முனைவர் பட்ட மாணவர் பொதுவெளித் தரவு என்று எடுத்து, எத்தனை அழுகை, எத்தனை கமெண்ட் என்று அட்டவணை போட்டால், அவரும் அதே பிள்ளையின் முகத்தைத்தான் பயன்படுத்துகிறார். ஊருக்குப் போகாமல், முகம் பார்க்காமல், கூச்சப்படச் சந்தர்ப்பமே இல்லாமல்.

அந்த மாணவரைத் தரவுச் சட்டம் தடுக்காது. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தாதவரை ஆய்வுக்கு விலக்குத் தருகிறது. ஒருவர் தானே பொதுவில் வெளியிட்ட தகவலுக்கும் சட்டம் பொருந்தாது. தன் கருத்தை எழுதிப் பொதுவில் போடுகிற ஒருவரை அதற்கு உதாரணமாகச் சட்டத்திலேயே காட்டியிருக்கிறார்கள். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான பிரிவுகள் 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். தன் தரவை அழிக்கச் சொல்லும் உரிமை 12ஆம் பிரிவில் இருக்கிறது. அது யாருக்கு என்று பார்த்தால், முன்பு சம்மதம் கொடுத்துத் தரவைத் தந்தவருக்கு. சம்மதம் கேட்காமலேயே எடுத்துப்போன முகத்துக்கு அந்தப் பிரிவில் இடமில்லை.

கருணாபுரத்தில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தது. 18 வயது வரை. அப்போது பத்து வயதாயிருந்த பிள்ளைக்கு 2032இல் அது நிற்கும். பெயரில் போட்ட ஐந்து லட்சம் வைப்புத்தொகை வட்டியோடு கைக்கு வரும். அதற்கு அடையாளச் சான்று, வங்கிக் கணக்கு, கையெழுத்து எல்லாம் கேட்பார்கள். வீடியோவை எடுக்கச் சொல்ல அந்தப் பிள்ளை எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பது மட்டும் அந்த அறிவிப்பில் இல்லை.